மொன்றியல் கனேடியன்ஸ் பயிற்றுநருக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் ஏன் இவ்வளவு கொந்தளிப்பு?

ஊர்க்குருவி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, வேலை மாற்றத்தால் அண்மையில் குடும்பத்தோடு மொன்றியலுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ரொறன்ரோவிலும் மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்காக உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அங்கே பேச்செல்லாம் ஆட்டத்தைச் சுற்றியே இருக்கும்: யாரை வாங்கினார்கள், யாரைக் கைவிட்டார்கள், 1967க்குப் பிறகு லீக்கின் வெற்றிப் பரிசான ஸ்டான்லி கிண்ணம் ஒன்றுகூட ஏன் வரவில்லை என்பவைதாம் அங்குள்ள வழக்குகள். இங்கோ அலுவலகத்தில் கனேடியன்ஸ் அணியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், சற்று நேரத்தில் அது மொழியில் வந்து நிற்கிறது. பயிற்றுநர் பிரெஞ்சில் பேட்டி கொடுப்பாரா, அணித்தலைவர் பிரெஞ்சு கற்றுக்கொண்டாரா, அணியில் கியூபெக்கில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கிறார்கள். மற்ற வேளைகளில் மிக நிதானமாகப் பேசும் மனிதர்கள் இந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துகிறார்கள்.

ஓர் ஐஸ் ஹாக்கி அணி என்பது முதலாளிக்குச் சொந்தமான வணிக நிறுவனம்தானே? வீரர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள், சம்பளத்துக்கு ஆடுகிறார்கள், விற்கப்பட்டால் போய்விடுகிறார்கள். அப்படியிருக்க, ஒரு மக்கள் கூட்டமே அதைத் தன் சொத்தாக நினைப்பது எப்படி வந்தது? மொழி குறித்த இந்த எதிர்பார்ப்பு தொடக்கத்திலிருந்தே உள்ளதா, இடையில் வந்ததா? வரலாறு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையஃபோரம் பதிலளிக்கிறார்:

வணக்கம். நீங்கள் வணிக நிறுவனம் என்று சொன்னது முற்றிலும் சரி. இந்த அணி பிறந்ததே ஒரு வணிகக் கணக்கில்தான். 1909 டிசம்பரில் தேசிய ஹாக்கி சங்கம் என்ற புதிய லீக் உருவானபோது, ஒன்டாரியோவின் ரென்ஃப்ரூவைச் சேர்ந்த, சுரங்கத்திலும் ரயில் பாதை ஒப்பந்தங்களிலும் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசான அம்புரோஸ் ஒபிரையன் அதற்குப் பணம் போட்டார். மொன்றியலில் ஏற்கெனவே ஆங்கிலேயர்களின் அணிகள் இருந்தன. பிரெஞ்சு பேசுபவர்களுக்கென்று ஓர் அணியை இறக்கினால் இரு தரப்பாரும் சீட்டு வாங்கி மைதானத்தை நிறைப்பார்கள் என்பதுதான் எண்ணம். ஆக, பிரெஞ்சுக் கனடியரின் அணியை நிறுவியவர் ஆங்கிலம் பேசும் ஒருவர். அடுத்த ஆண்டே அது மல்யுத்தப் போட்டிகளை நடத்திவந்த ஜார்ஜ் கென்னடியின் கைக்கு மாறியது. சிவப்புச் சட்டையில் இன்று காணும் சி, எச் எழுத்துகள் 'கனேடியன் ஹாக்கி மன்றம்' என்ற பிரெஞ்சுப் பெயரின் சுருக்கமாக 1917 அளவில் நிலைபெற்றவை.

இன்னொரு முரணும் உண்டு. அணியின் கோயில் என்று எல்லாரும் கொண்டாடும் மொன்றியல் ஃபோரம் அரங்கம், 1924இல் ஆங்கிலேயர்களின் அணியான மரூன்ஸுக்காகக் கட்டப்பட்டது. கனேடியன்ஸ் அங்கே முதல் ஆட்டத்தை ஆடியதுகூடத் தங்கள் அரங்கில் பனித்தளம் தயாராகாததால்தான். 1926இல் அவர்கள் அங்கே நிரந்தரமாகக் குடியேறினார்கள். பொருளாதார மந்தத்தில் மரூன்ஸ் நொடிந்து 1938இல் நின்றுபோன பிறகு, நகரத்தின் ஆங்கிலேய ரசிகர்களுக்கும் வேறு போக்கிடம் இருக்கவில்லை. ஓர் இனத்துக்கென்று தொடங்கப்பட்ட அணி, அப்போதுதான் முழு நகரத்துக்குமான அணியாயிற்று. இந்த இரட்டைத் தன்மை இன்றுவரை தீரவில்லை. உங்கள் அலுவலகத்தில் எழும் சண்டையும் அதன் தொடர்ச்சிதான்.

ஆனால் 'பிரெஞ்சு அணி' என்பது வெறும் விளம்பரமாக இருந்த நிலையை மாற்றியவர் ஒரே ஒருவர்: மொரிஸ் ரிஷார். மொன்றியலில் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 'ராக்கெட்' என்பது பட்டப்பெயர். சட்டை எண் 9. 1944–45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். அதற்கு முன் ஒரே பருவத்தில் எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அன்றைய கியூபெக்கில் பெரும்பான்மையினர் பிரெஞ்சு பேசினாலும், வங்கியும் தொழிற்சாலையும் மேலாளர் நாற்காலியும் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. அந்தச் சூழலில், அதிகம் பேசாத, ஆனால் அடித்தால் திருப்பி அடிக்கும் ஒருவர் வாராவாரம் வானொலியில் வெற்றி பெறுவதைக் கேட்ட குடும்பங்களுக்கு அவர் யார் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1955 மார்ச் 13 அன்று பொஸ்டனில் நடந்த ஆட்டத்தில், தன் தலையில் ஹாக்கி மட்டையால் அடித்த ஹால் லேகோவை ரிஷார் மட்டையால் திருப்பித் தாக்கினார். தடுத்துப் பிடித்த லைன் நடுவரையும் குத்திவிட்டார். லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல், பருவத்தில் எஞ்சியிருந்த ஆட்டங்களுக்கும் அதன் பின் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றுகள் முழுவதற்கும் சேர்த்து அவரைத் தடை செய்தார். ரிஷார் குற்றம் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அவருக்கு அது முதல் தவறும் அல்ல. ஆனால் தீர்ப்பளித்தவர் ஆங்கிலேயர், தண்டிக்கப்பட்டவர் பிரெஞ்சுக்காரர் என்றுதான் ஊர் அதைப் பார்த்தது. மார்ச் 17 இரவு டெட்ராய்ட்டுடன் ஆட்டம். வரவேண்டாம் என்று பலர் எச்சரித்தும் காம்பெல் வந்து தம் வழக்கமான இருக்கையில் அமர்ந்தார். முட்டையும் தக்காளியும் அவர்மேல் பறந்தன. ஒருவன் கை குலுக்க வருபவன்போல வந்து அறைந்தான். பிறகு யாரோ கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்றை வெடிக்கச் செய்ததால் அரங்கத்தையே காலி செய்ய நேர்ந்தது. 4–1 என்று முன்னணியில் இருந்த டெட்ராய்ட்டுக்கு வெற்றி வழங்கப்பட்டது. வெளியே செயின்ட் கேத்தரின் தெருவில் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலியில் தோன்றி, தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும் அடுத்த ஆண்டு திரும்பி வருவதாகவும் சொல்லி மக்களை அமைதிப்படுத்தினார்.

அவர் ஆடாத அந்த இடைவெளியில், அதே அணியின் பெர்னார் ஜொஃப்ரியோன் ஒரே ஒரு புள்ளியில், 75க்கு 74 என்று, அவரை முந்திப் பருவத்தின் அதிகப் புள்ளிகளுக்கான விருதைப் பெற்றார். சொந்த ரசிகர்களே ஜொஃப்ரியோனைக் கூவி இகழ்ந்தார்கள். அவரும் பிரெஞ்சுக்காரர்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. ரிஷார் தம் வாழ்நாளில் அந்த விருதைப் பெறவே இல்லை. 1960களில் கியூபெக்கில் நிகழ்ந்த 'அமைதிப் புரட்சி' என்ற பெரும் சமூக, அரசியல் மாற்றத்தின் முன்னறிகுறியாக அந்த இரவைப் பலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை என்றே நான் நினைக்கிறேன். ரிஷார் தாம் ஒரு ஹாக்கி ஆட்டக்காரர் மட்டுமே என்று சொல்லிவந்தவர். ஆயினும் 2000இல் அவர் இறந்தபோது நோத்ர்தாம் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. உங்கள் முதல் கேள்விக்கு அதைவிட நேரான விடை என்னிடம் இல்லை.

வடதுருவன் பதிலளிக்கிறார்:

பழையஃபோரம் ஐயா எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் கேட்டவரின் இரண்டாவது கேள்வி பயிற்றுநரின் மொழியைப் பற்றியது; அங்கே கதை வேறு மாதிரி இருக்கிறது.

ரிஷாரின் காலத்துப் பயிற்றுநர் டிக் அர்வின், 1940 முதல் 1955 வரை பதவியில் இருந்தவர், ஆங்கிலேயர். அவரை யாரும் மொழிக்காகத் துரத்தவில்லை. அவருக்குப் பின் வந்த டோ பிளேக் ஒன்டாரியோவில் பிறந்தவர், பெயரைக் கேட்டால் ஆங்கிலேயர் என்றே தோன்றும். ஆனால் இரு மொழியும் சரளமாகப் பேசினார். அவர் பொறுப்பேற்ற முதல் ஐந்து ஆண்டுகளிலும், அதாவது 1956 முதல் 1960 வரை, தொடர்ச்சியாக ஐந்து கிண்ணங்கள் வந்தன. அதை இன்றுவரை எந்த அணியும் எட்டவில்லை. எதிர்பார்ப்பு முதன்முதலாக வெளிப்படையாக வெடித்தது 1971இல்தான் என்று சொல்வேன். அந்த ஆண்டுப் பயிற்றுநர் அல் மக்நீலுக்குப் பிரெஞ்சு தெரியாது. இறுதிச் சுற்றின் நடுவில் தம்மை ஓரமாக உட்கார வைத்த கோபத்தில், மொரிஸின் தம்பி ஆன்ரி ரிஷார், மக்நீல் திறமையற்றவர் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். அது மொழிச் சண்டையாக வளர்ந்து, மக்நீலுக்குக் கொலை மிரட்டல் வரும் அளவுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஏழாவது ஆட்டத்தில் வெற்றிக் கோலை அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவரும் அதே ஆன்ரி ரிஷார்தான். கிண்ணம் வென்ற பயிற்றுநர் அடுத்த பருவத்தில் ஹாலிஃபாக்ஸில் இருந்த கிளை அணிக்குப் போனார். அவர் இடத்துக்கு, மொன்றியல் வெர்டனில் வளர்ந்து இரு மொழியும் அறிந்த ஸ்காட்டி போமன் வந்தார்.

ஏன் 1971, ஏன் 1945 அல்ல? என் கருத்தில், மைதானத்தில் ஆடுபவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தவரை பயிற்றுநரின் மொழி யாருக்கும் உறுத்தவில்லை. பழைய முறையில் ஒவ்வோர் அணியும் தன் சுற்றுவட்டார இளையோர் மன்றங்களுக்குப் பணம் கொடுத்து, பதின்ம வயதுப் பையன்களை ஒப்பந்தத்தில் கட்டி வைத்துக்கொள்ளும். கியூபெக்கில் பிறந்த திறமைசாலி இயல்பாகவே மொன்றியலுக்கு வந்துவிடுவான். அப்படி வர மறுத்த ஜான் பெலிவோவுக்காக என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் கியூபெக் நகரத்தில் நல்ல சம்பளத்துக்கு மகிழ்ச்சியாக ஆடிக்கொண்டிருந்தார். கனேடியன்ஸ் நிர்வாகம் அவர் ஆடிய லீக்கையே விலைக்கு வாங்கி அதைத் தொழில்முறை லீக்காக மாற்றியது. தொழில்முறையில் அவருடைய உரிமை கனேடியன்ஸிடம் இருந்ததால், 1953இல் அவர் கையெழுத்திட வேண்டியதாயிற்று. வந்தவர் பத்துக் கிண்ணம் வென்றார், பத்து ஆண்டு அணித்தலைவராக இருந்தார்.

1963இல் தொடங்கிய டிராஃப்ட் என்ற வீரர் தேர்வு முறை 1969 அளவில் முழுமை பெற்றதும் இந்த வாய்க்கால் அடைபட்டது. கியூபெக்கில் பிறந்தவனை இனி எந்த நகரமும் எடுக்கலாம். அணிகள் ஆறிலிருந்து பெருகி இன்று 32. அதன் விளைவை 2021 மே மாதத்தில் பார்த்தோம்: அணியின் வரலாற்றில் முதன்முறையாகக் கியூபெக்கில் பிறந்த ஒரு வீரர்கூட இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடப்பட்டது. வீரர்கள் குறையக் குறைய, மீதமிருந்த அடையாளத்தின் முழுச் சுமையும் பயிற்றுநர் என்ற ஒரே நாற்காலியின் மேல் வந்து இறங்கிவிட்டது. பயிற்றுநர்தான் தினமும் கேமராவுக்கு முன் நின்று பேசுபவர். பிரெஞ்சுத் தொலைக்காட்சி பார்க்கும் ரசிகருக்கு அணியின் குரல் அவர்தான். 2011 டிசம்பரில் பிரெஞ்சு தெரியாத ராண்டி கனிவர்த் இடைக்காலப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டபோது மாகாண அமைச்சரே கண்டித்தார், அரங்கத்தின் வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அடுத்த பருவத்துக்கு மிஷெல் தெரியனைக் கொண்டுவந்துதான் அது அடங்கியது. அதன்பிறகு இன்றைய மார்ட்டான் சான் லூயி வரை எல்லாரும் பிரெஞ்சு பேசுபவர்களே. இந்த எதிர்பார்ப்பால் உலகின் மிகச் சிறந்த பயிற்றுநர்களில் பெரும்பாலானோர் தேர்வுக்கே வருவதில்லை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் புலம்புவதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1993க்குப் பிறகு கிண்ணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் இரண்டாவதற்கு முதலாவதுதான் காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். மொழி நிபந்தனை எதுவும் இல்லாத உங்கள் பழைய ரொறன்ரோவே அதற்குச் சாட்சி!

ஊர்க்குருவி மீண்டும் எழுதுகிறார்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லீக்கையே வாங்கிய கதையை நாளை அலுவலகத்தில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் ஒன்று: இந்தக் குளிர்காலத்தில் கனேடியன்ஸின் இன்றைய அரங்கமான பெல் சென்டருக்கு ஓர் ஆட்டம் பார்க்கப் போகலாம் என்றிருக்கிறோம். ஆட்டத்தைத் தவிர அங்கே கவனிக்க வேண்டிய மரபுகள் என்னென்ன?

பழையஃபோரம் பதிலளிக்கிறார்:

உள்ளே போனதும் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். வெற்றிக் கொடிகள் 24 தொங்குகின்றன. வேறெந்த அணியிடமும் அத்தனை இல்லை. முதலாவது 1916ஐச் சேர்ந்தது, அதாவது இன்றைய தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) தோன்றுவதற்கு முந்தியது. அருகில் ஓய்வளிக்கப்பட்ட, அதாவது இனி வேறு எவருக்கும் தரப்படாத, சட்டை எண்கள். மொத்தம் 15 எண்கள், ஆனால் 18 வீரர்கள். 5, 12, 16 ஆகிய மூன்று எண்களை இருவர் இருவராகப் பகிர்ந்துகொள்கிறார்கள். எண் 7 ஹவி மொரன்ஸுடையது. 1937 ஜனவரியில் ஆட்டத்தின்போது அவர் கால் முறிந்தது. மார்ச்சில் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய உடலை ஃபோரம் பனித்தளத்தின் நடுவில் வைத்துத்தான் இறுதிச் சடங்கு செய்தார்கள். எண் 1 ழாக் பிளாந்துடையது. 1959 நவம்பர் 1 அன்று நியூயோர்க்கில் பக் என்ற ஆட்டத்தட்டு முகத்தில் பட்டுக் கிழிந்ததும், தையல் போட்டுக்கொண்டு, முகமூடி அணிய அனுமதித்தால்தான் மறுபடி இறங்குவேன் என்று பிடிவாதம் பிடித்த கோல்காப்பாளர் அவர். கோழை என்ற பெயர் வந்துவிடும் என்று அதுவரை தயங்கிய மற்றவர்களும் பின்னர் அவரைப் பின்பற்றினார்கள்.

நீங்கள் நேரில் பார்க்க முடியாத மரபு ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. வீரர்களின் உடைமாற்றும் அறைச் சுவரில், முதல் உலகப் போரில் எழுதப்பட்ட ஜான் மக்ரேயின் கவிதையிலிருந்து சில வரிகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளன. தளர்ந்த கைகளிலிருந்து தீவட்டியை வாங்கி உயரப் பிடியுங்கள் என்பது பொருள். போர்க்களத்தில் இறந்தவர்களின் குரலை ஹாக்கிக்கு இழுத்து வந்தது கொஞ்சம் அதிகப்படியானது என்று எனக்கே தோன்றியதுண்டு. ஆனால் 1996 மார்ச் 11 அன்று ஃபோரத்தின் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். டாலஸை 4–1 என்று வென்ற பின்னர், பழைய அணித்தலைவர்கள் சிவப்புச் சட்டையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். மொரிஸ் ரிஷாரின் பெயர் சொல்லப்பட்டதும் எழுந்த கரவொலி பல நிமிடங்கள் ஓயவில்லை. போதும் என்று கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார், முடியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உண்மையான தீவட்டி ஒன்று, தலைவர்களில் மூத்தவரான எமில் பூஷாரிடமிருந்து கை மாறிக் கை மாறி, அன்றைய அணித்தலைவர் பியெர் தூர்ஜோனிடம் வந்து சேர்ந்தது. புதிய அரங்கத்திலும் சில பருவங்களின் தொடக்க ஆட்டத்தில் தீவட்டியை வைத்து இதே சடங்கைச் செய்கிறார்கள். முடிந்தால் அந்த ஆட்டத்துக்குச் சீட்டு எடுங்கள். விலை கையைக் கடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்எக்ஸ் அம்மா பதிலளிக்கிறார்:

மேலே பெரியவர்கள் சொன்னவற்றோடு ஒரு சிறு விடயம். பார்க் எக்ஸ்டென்ஷன், கோத் தே நேஜ் பகுதிகளில் இருக்கும் நம் ஈழத்தமிழ்க் குடும்பங்களில், 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஆகவே பயிற்றுநருக்குப் பிரெஞ்சு வேண்டுமா என்ற வழக்கில், என் வீட்டுப் பிள்ளைகள் தயக்கமே இல்லாமல் வேண்டும் என்ற பக்கம் நிற்கிறார்கள். நாங்கள் வந்து கற்றோமே, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் ஏன் கற்கக்கூடாது என்பது மூத்தவளின் வாதம். ஒன்டாரியோவின் லண்டன் நகரத்தில் பிறந்த நிக் சுசூகி 2022இல் அணித்தலைவரானபோது, தாம் பிரெஞ்சு கற்றுவருவதாகச் சொன்னது இவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. தகப்பனுக்கோ கிண்ணம் வந்தால் எந்த மொழியில் வந்தாலும் சரிதான். இரவுச் சாப்பாட்டின்போது இது முடிவதே இல்லை.

ஊர்க்குருவி, பிள்ளைகளோடு போவதானால் யூப்பி என்ற ஆரஞ்சு நிற முடிபோர்த்த வேடிக்கைச் சின்ன உருவத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். அது முதலில் எக்ஸ்போஸ் என்ற மொன்றியல் பேஸ்பால் அணியினுடையது. 2004இல் அந்த அணி வாஷிங்டனுக்குப் போனதும் அது அநாதையாக நின்றது. 2005இல் கனேடியன்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டது. இடைவேளையில் படிக்கட்டு வழியாக இறங்கி வரும், சிறுவர்களோடு படம் எடுத்துக்கொள்ளும். கோல் விழுந்தால் அறிவிப்பு முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் வரும். தேசியகீதமும் இரு மொழி கலந்தே பாடப்படும். உள்ளே குளிரும், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிச் செல்லுங்கள். பொஸ்டனுடன் ஆட்டமென்றால் சிறு பிள்ளைகள் காதில் விழக்கூடாத பிரெஞ்சுச் சொற்களும் நிறைய வரும்.